லெட்சுமணன், லட்சுமணன், இலக்குவன்: ஒரே பெயரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும் பெயர்களில் லெட்சுமணனும் ஒன்று. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும்போதும், பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும், மலேசியாவில் இருக்கும் பங்காளியின் பெயரைத் தேடும்போதும் இந்தப் பெயரைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறோம்.

லெட்சுமணன் என்றால் என்ன அர்த்தம்?

வடமொழியில் இது 'லக்ஷ்மண'. 'லக்ஷ்மன்' என்றால் குறி, அடையாளம். நல்ல குறிகள் அமைந்தவன் என்பது பெயரின் பொருள். "பிள்ளை லட்சணமாக இருக்கிறான்" என்கிறோமே, அந்த லட்சணமும் இதே குடும்பத்துச் சொல்தான். லெட்சுமியும் அதே வேரிலிருந்து வந்தவள்.

ராமாயணத்தில் இவர் சுமித்திரையின் மகன், சத்துருக்கனனோடு பிறந்தவர். அதனால் சௌமித்திரி என்றும் சொல்வார்கள். அதுவும் இவரைக் குறிக்கும் பெயரே.

எங்க ஐயா (தாத்தா) 'லெ' போட்டுத்தான் எழுதுவாங்க. பள்ளிக்கூடத்தில் அது தப்பு, 'ல' போடு என்கிறார்களே?

தப்பு இல்லை. வடமொழியிலிருந்து வந்த சொற்களில் ஒரு வகை உண்டு. சொல்லின் முதல் எழுத்து ர, ல, ய ஆகவோ, தொண்டை அதிர ஒலிக்கும் க, ஜ, ப ஆகவோ இருந்து, அதில் அகரக் குறில் வந்தால், பேச்சுத்தமிழ் அந்த அகரத்தை எகரமாகக் கேட்கும். ரங்கன் ரெங்கன் ஆவதும், ரத்தினம் ரெத்தினம் ஆவதும், ரகுநாதன் ரெகுநாதன் ஆவதும், கங்கை கெங்கை ஆவதும், ஜயம் ஜெயம் ஆவதும், பலம் பெலம் ஆவதும், யமன் எமன் ஆவதும் இப்படித்தான். அந்த வரிசையில் நிற்பதுதான் லெட்சுமணன்.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். நெடிலாக இருந்தால் மாறாது. ராமனை யாரும் ரேமன் என்பதில்லை. தொண்டை அதிராத வல்லோசையாக இருந்தாலும் மாறாது. சங்கரன் செங்கரன் ஆகவில்லை, பத்மா பெத்மா ஆகவில்லை. வாய்க்கு வந்தபடி நேர்ந்த சிதைவென்றால் இத்தனை ஒழுங்கு இருக்காது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் ஜெயலெட்சுமி, ரெங்கநாயகி என்று எழுதுவதும் இதே வழக்கம்தான். ஆகவே பிள்ளைக்கு ஐயாவின் பெயரை வைத்துவிட்டு, ஐயா போட்ட எழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. 'லட்சுமணன்' வடமொழி ஒலிக்குக் கொஞ்சம் கிட்டே நிற்கிறது, 'லெட்சுமணன்' நம் வாய்க்குக் கிட்டே நிற்கிறது. இரண்டும் சரி.

அப்போ இலக்குவன், இலக்குமணன், இலட்சுமணன் எல்லாம்? முன்னால் 'இ' எதற்கு?

தமிழ் இலக்கணப்படி ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது. வேற்றுமொழிச் சொல் அப்படி வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நன்னூல் விதி சொல்கிறது. ரகரத்துக்கு அ, இ, உ (அரங்கன், இராமன், உரோமம்). லகரத்துக்கு இ, உ (இலக்குவன், உலோபம்). அந்த 'இ'தான் இது. எழுத்தில் நிற்கும், பேச்சில் மறைந்துவிடும்.

அடுத்தது நடுவில் இருக்கும் 'க்ஷ'. தமிழ் அதை இரண்டு வழியில் வாங்கியது. பழைய வழி 'க்க': பக்ஷம் பக்கம் ஆனது, லக்ஷம் இலக்கம் ஆனது. பிந்திய வழி 'ட்ச': பட்சம், லட்சம். ஆக இலக்குமணன் பழைய வழியில் வந்தவன், இலட்சுமணன் பிந்திய வழியில் வந்தவன். பேச்சில் இன்னும் மெலிந்து 'லெச்சுமணன்' ஆகிறது.

இலக்குவன் கம்பரின் பெயர். பங்குனி மகம், பூரம், உத்திரத்தில் காரைக்குடியிலும், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியிலும் நடக்கும் கம்பன் விழாவுக்குப் போய் உட்கார்ந்தவர்கள் இந்த வடிவத்தைத்தான் காது நிறையக் கேட்டிருப்பார்கள். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு அது பழகிய சொல். தனித்தமிழ் உணர்வோடு இந்த வடிவத்தை ஏற்றவர்களும் உண்டு. தொல்காப்பிய அறிஞர் சி. இலக்குவனாரின் இயற்பெயர் இலட்சுமணன்தான்.

பத்திரிகையில் 'லெட்சுமனன்' என்று அடித்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

திருத்தச் சொல்லுங்கள். முதலில் வருவது டண்ணகரம், கடைசியில் வருவது றன்னகரம்: ம-ண-ன். தமிழ்த் தட்டச்சில் ஆங்கில எழுத்தை அடித்து மாற்றும்போது இரண்டு 'என்'னும் ஒரே மாதிரி விழும். பிழை நேர்வது அங்கேதான். 'லட்சுமணண்' என்று கடைசி எழுத்து கெடுவதும் அதனால்தான். மெய்ப்புப் பார்க்கும்போது பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் தனியாக ஒரு முறை படித்தால் போதும்.

லெட்சுமணனுக்குப் பெண்பால் லெட்சுமியா?

இல்லை. ஒரே வேரில் கிளைத்த இரண்டு பெயர்கள். லக்ஷ்மணனுக்கு நேர்ப் பெண்பால் 'லக்ஷ்மணா'. கண்ணனின் எட்டுப் பட்டத்தரசிகளில் ஒருத்திக்கு அந்தப் பெயர் உண்டு. நம் பக்கம் வழக்கில் இல்லை. ஐயா லெட்சுமணன் பெயரைப் பேத்திக்கு வைக்க நினைப்பவர்கள் லெட்சுமி என்று வைப்பது அழகான வழக்கம். அதை ஐயா பெயரென்றே சொல்லலாம்.

லெட்சுமி ஆச்சி என்பதில் ஆச்சி மரியாதைச் சொல், பெயரின் பகுதி அல்ல. சான்றிதழில் சேர்க்க வேண்டாம்.

துரியோதனன் மகன் பெயரும் லெட்சுமணன் என்கிறார்களே? வைக்கலாமா?

உண்மைதான். பாரதத்தில் துரியோதனன் மகன் லக்ஷ்மணகுமாரன், அபிமன்யு கையால் இறந்தவன். பெயர் வைக்கும் யாரும் அவனை நினைத்து வைப்பதில்லை. தாராளமாக வைக்கலாம்.

நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது கோயிலும் சிவன் கோயில். ராமாயணப் பெயர் எப்படி?

பெயர் வைப்பதில் நம் வீடுகள் சைவம், வைணவம் என்று கோடு கிழித்ததில்லை. இளையாத்தங்குடியிலும் மாத்தூரிலும் வைரவன்பட்டியிலும் புள்ளி சேர்ந்தவர்களின் (கோயிலில் குடும்பமாகப் பதிந்தவர்களின்) வீட்டிலேயே சீதை, அலமேலு, நாராயணன் எல்லாம் சொக்கலிங்கம், விசாலாட்சியோடு கலந்து வருகின்றன. இதில் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ராமநாதன் ராமாயணப் பாத்திரத்தின் பெயர் அல்ல, ராமேசுவரத்துச் சிவனின் பெயர். லெட்சுமணன் அப்படியில்லை, ராமனின் தம்பியேதான்.

இளையபெருமாள், ராமானுஜன் என்பதும் இதே பெயர் என்கிறார் ஒருவர். சரியா?

ஆளால் சரி, சொல்லால் இல்லை. வைணவ மரபில் ராமன் பெருமாள், தம்பி இளையபெருமாள். ராமானுஜன் என்றால் ராமனுக்குப் பின் பிறந்தவன், அதாவது ராமனின் தம்பி. ஆக இரண்டும் லெட்சுமணனைக் குறிக்கும் வேறு பெயர்கள், லெட்சுமணன் என்ற சொல்லின் வடிவங்கள் அல்ல. பத்திரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட முடியாது.

மூத்த பையனுக்கு ஐயா பெயரைத்தான் வைக்க வேண்டுமா? சித்தப்பா மகனுக்கும் அதே பெயர் வந்துவிடுகிறதே?

வழக்கம் இதுதான்: மூத்த ஆண் பிள்ளைக்கு அப்பச்சியை (அப்பாவை) பெற்ற ஐயாவின் பெயர், அடுத்தவனுக்கு ஆத்தாவை (அம்மாவை) பெற்ற ஐயாவின் பெயர். பெண் பிள்ளைகளுக்கு அப்பத்தா (அப்பாவின் அம்மா), ஆயா (அம்மாவின் அம்மா) பெயர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைத் தாங்குகிறவன். சங்க இலக்கியத்தில் 'பெயரன்' என்றே வருகிறது.

ஐயா ஒருவர், மகன்கள் மூவர் என்றால் மூன்று வீட்டிலும் மூத்தவன் லெட்சுமணனாகத்தான் இருப்பான். வீட்டுக்குள் பெரிய லெட்சுமணன், நடு லெட்சுமணன், சின்ன லெட்சுமணன் என்று சமாளித்துக்கொள்வார்கள். வெளியில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது தலைப்பெழுத்து. அதைத்தான் அடுத்த கேள்வி கேட்கிறது.

லெ.மு. லெட்சுமணன் என்று இரண்டு எழுத்து போடுகிறார்களே, எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலம் தலைமுறை இறங்கி வரும். முதல் 'லெ' ஐயா லெட்சுமணன், 'மு' அப்பச்சி முத்தையா, கடைசியில் இருப்பவர் பிள்ளை. சித்தப்பா சொக்கலிங்கத்தின் மகன் லெ.சொ. லெட்சுமணன். ஐயாவின் எழுத்து இருவருக்கும் பொது, அப்பச்சியின் எழுத்தில்தான் பிரிகிறார்கள். அப்பச்சி எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஐயா எழுத்தை விட்டுவிட்டால், வேறு வீட்டு மு. லெட்சுமணனோடு கலந்துபோகும். கொடுக்கல் வாங்கலில் இந்த எழுத்துகளே கடையின் விலாசமாக, அதாவது தொழில் நடத்தும் பெயராக, நின்றதால்தான் பெரியவர்கள் அதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள்.

தெரிந்த எடுத்துக்காட்டு: 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அவர் தந்தை எம்.சிடி. முத்தையா செட்டியார். 'சிடி' என்பது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, ஆனால் ஒரே பெயரின் குறி. ஒற்றை எழுத்தில் பெயர் மயங்கும் என்பதால் இப்படி இரண்டு எழுத்தாகச் சுருக்குவார்கள். தமிழில் அழ., பழ., ராம., சோம., கரு. என்பவையும் அப்படியே. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தந்தை முத்தையா, மகனும் முத்தையா. பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்புவதை அங்கே பார்க்கலாம்.

பெரியவங்க 'லேனா' என்கிறார்களே, அது யார்?

ஆள் இல்லை, எழுத்து. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் க-வுக்குக் கானா, மு-வுக்கு மூனா, லெ-க்கு லேனா என்று எழுத்தின் பெயர் சொல்வார்கள். லெ.மு. என்பதை "லேனா மூனா" என்றுதான் வாசிப்பார்கள். நெற்குப்பையில் பிறந்த பயண எழுத்தாளர் சோமலெ (1921–1986) தம் புனைபெயரையே இப்படித்தான் அமைத்துக்கொண்டார். சோம. லெட்சுமணன் என்பதன் சுருக்கம் அது. கடைசியில் இருக்கும் 'லெ'யைப் பாருங்கள். எங்கள் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பிள்ளை கூட்டிப் (தத்தெடுத்துப்) போனால் பெயரும் மாறுமா?

தலைப்பெழுத்து கட்டாயம் மாறும், கூட்டிய வீட்டின் எழுத்து வரும். பெயர் மாறுவது வீட்டைப் பொறுத்தது. சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா, கூட்டிய வீட்டில் நாராயணன் ஆனார். பிறகு தாமே வைத்துக்கொண்ட பெயர் கண்ணதாசன்.

வடக்கே இந்தப் பெயரை எப்படிச் சொல்கிறார்கள்?

தெற்கே பெரிய மாற்றம் இல்லை. மலையாளத்தில் லக்ஷ்மணன், தெலுங்கில் லக்ஷ்மணுடு, கன்னடத்தில் லக்ஷ்மண. இந்தியில் கடைசி அகரம் விழுந்துவிடும்: லக்ஷ்மண், பேச்சில் லச்மன். துளசிதாசர் லகன் என்றும் லச்சிமன் என்றும் எழுதுகிறார். வங்காளத்தில் எழுதுவது லக்ஷ்மண, சொல்வது ஏறக்குறைய 'லொக்கொன்'. சிங்களத்தில் லக்ஷ்மன்.

மேலே 'க்க' வழி, 'ட்ச' வழி என்று சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். வங்காளியின் லொக்கொனும் பாலி மொழியின் லக்கணனும் கம்பரின் இலக்குவனும் க-கர வழியில் வந்தவர்கள். இந்திக்காரரின் லச்மனும் நம் லெச்சுமணனும் ச-கர வழியில் வந்தவர்கள். ஒன்றுக்கொன்று தெரியாத ஊர்களில் ஒரே ஒலி இதே இரண்டு வழியில் பிரிந்திருக்கிறது.

தாய்லாந்து, பர்மா பக்கம்?

தாய்லாந்தில் ப்ர லக். எழுத்தில் 'ஷ', 'ம', 'ண' மூன்றையும் விடாமல் எழுதுவார்கள், ஆனால் ஒலிப்பதில்லை. கம்போடியாவில் ப்ரே லேக். லாவோஸில் ராமாயணத்தின் பெயரே 'ப்ர லக் ப்ர லாம்'. தம்பி பெயரை முன்னால் வைத்த ராமாயணம் அது! பர்மாவில் பாலி வழியாக வந்த லக்கண வடிவம். சாவகத்தில் (ஜாவாவில்) லெஸ்மண.

மலாய்க்காரர்கள் 'லக்சமானா' என்கிறார்களே, அது நம்ம பெயர்தானா?

ஆமாம், ஆனால் அங்கே அது பதவி. கடற்படைத் தளபதிக்கு லக்சமானா என்று பெயர். மலாக்கா சுல்தான்களின் காலத்து வீரர் ஹங் துவா இந்தப் பட்டத்தோடுதான் அறியப்படுகிறார். இந்தோனேசியக் கடற்படையில் இன்றும் உயர்ந்த அதிகாரிக்கு இதுவே பெயர். அரசனுக்கு அருகில் நின்று காக்கும் தம்பியின் பெயர், காவல் பதவியின் பெயராக நிலைத்துவிட்டது.

மலேசியாவில் இருக்கிற எங்க அயித்தான் பெயரை 'லெட்சுமணன்' என்று ஈ போட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். இங்கே ஏ. எது சரி?

அவர் எழுதுவது நம் உச்சரிப்பின் நேர்ப் பதிவு: எல், ஈ, டி, சி, எச், யு என்று தொடங்கும். மலாயா, சிங்கப்பூரில் பெயர் பதிந்தவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், அதனால் லெ அங்கே பிழைத்தது. இங்கே படித்தவர்கள் வடமொழி எழுத்தைப் பார்த்து எல், ஏ, கே, எஸ், எச் என்று எழுதினார்கள்.

மலேசிய ஆவணத்தில் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவில் ஏ, சாய்கோடு, எல் என்று இருக்கும். அது 'அனாக் லெலாக்கி', மகன் என்று பொருள். பெண்ணுக்கு 'அனாக் பெரம்புவான்', ஏ, சாய்கோடு, பி. தலைப்பெழுத்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உறவினரைத் தேடும்போது குறைந்தது நான்கு விதமாகத் தேட வேண்டும்: கே-எஸ்-எச் போட்டு, எக்ஸ் போட்டு, ஏ-டி-சி-எச் போட்டு, ஈ-டி-சி-எச் போட்டு. எக்ஸ் வடிவம் பிழையல்ல. கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மணும் கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லக்ஷ்மணும் எக்ஸ் போட்டு எழுதியவர்களே.

லுக்மான் என்பதும் இதன் திரிபா?

இல்லை. லுக்மான் அரபுப் பெயர், குர்ஆனின் 31-ஆவது அத்தியாயத்தின் பெயர் அது. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

குழந்தைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. பிறப்பைப் பதியலாமா?

பதிய வேண்டும். பிறந்த 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. லெ-யா ல-வா என்பதை இந்த நேரத்தில் முடிவு செய்துகொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் எழுதுகிறவர் காதில் எது விழுகிறதோ அதுதான் பதிவாகும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் என்ன போடுவது?

காலியாக விடாதீர்கள். அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதற்கான மூன்றெழுத்தைப் போட்டுவிடுவார்கள். ஐக்கிய அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு விதித்தது.

முதற்பெயர் இடத்தில் லெட்சுமணன், குடும்பப் பெயர் இடத்தில் அப்பச்சி பெயர் முழுதாக முத்தையா என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். எழுத்தாக இருக்கும் தலைப்பெழுத்தை விரித்தே எழுத வேண்டும். ஐயா பெயரையும் விரித்தால் 'லெட்சுமணன் முத்தையா லெட்சுமணன்' என்று நீண்டு, விமானச் சீட்டில் நடுவே வெட்டுப்படும். விலாசத்துக்கு இரண்டு எழுத்தும் இருக்கட்டும், பாஸ்போர்ட்டுக்கு அப்பச்சி பெயர் போதும்.

பத்திரத்தில் லெட்சுமணன், ஆதாரில் லக்ஷ்மணன், பட்டாவில் லட்சுமணன். வீட்டை விற்க முடியுமா?

முடியும், ஆனால் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். புதிதாக எழுதும் பத்திரத்தில் "லெட்சுமணன் என்கிற லட்சுமணன்" என்று இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதோடு எல்லாப் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் பெற்று வையுங்கள். பழைய பத்திரத்தில் எழுத்துப் பிழை என்றால் பிழைதிருத்தல் பத்திரம், பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகம்.

ஆதாரில் ஆங்கிலத்தில் அடித்தவுடன் தமிழ் தானாக விழும். பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒப்புகைச் சீட்டில் தமிழ்ப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், குறிப்பாக மேலே சொன்ன ண, ன இரண்டையும். பெயரையே மாற்றி இலக்குவன் என்று வைத்துக்கொள்ள விரும்பினால் பிரமாணப் பத்திரம் போதாது, தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். வெளியான இதழின் படிகளைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். வங்கி, பாஸ்போர்ட், பதிவாளர் அலுவலகம் என்று ஒவ்வோரிடத்திலும் ஒன்று கேட்பார்கள்.